வெந்நீரில் உலோக அயனிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் நின்றே என் பாதி வாழ்க்கை போய்விட்டது. கேள்விகள் மாணவர்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைச் சாமான் விற்கிறவர் கேட்பார், சாயம் போடுகிறவர் கேட்பார், அடுத்த வீட்டு ஆச்சி புளிக்கரைசலைக் காட்டிக் கேட்பார். எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கும்: தண்ணீரில் கிடக்கும் உலோக அயனி, சூடானால் யாரோடு சேரும், யாரை விடும்? திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அணைவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

நடுவில் ஓர் உலோக அயனி. அதைச் சுற்றி, தன் எலக்ட்ரான் இணையைக் கொடுத்து ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளோ அயனிகளோ. ஒட்டுகிறவருக்குப் பாடப்புத்தகத்தில் ஈனி என்று பெயர். அம்மோனியா, குளோரைடு, புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் அயனி, கடுக்காயின் டானின் எல்லாமே ஈனிகள்தாம். மொத்தக் கூட்டமும் ஒரே ஆளாக நடந்துகொண்டால் அது அணைவு. இந்தக் கட்டமைப்பை 1893இல் ஆல்ஃபிரட் வெர்னர் சொன்னார். அதற்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெறும் தண்ணீரில் கரைத்தால் உலோக அயனி தனியாகத்தானே இருக்கும்?

இல்லை. இதுதான் பலரும் தவறவிடும் இடம். தண்ணீரும் ஓர் ஈனி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, இரும்புக் கரண்டியில் வறுத்துப் பாருங்கள் (சமையல் கரண்டி வேண்டாம்). நீலம் போய் வெள்ளைப் பொடியாகும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே நீலம் திரும்பும், கரண்டியும் கொஞ்சம் சுடும். ஆக, அந்த நீலத்தைத் தருவது தாமிரமும் தண்ணீரும் சேர்ந்த கூட்டு. கரைசலில் தாமிர அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள்: நான்கு நெருக்கமாக, இரண்டு சற்று விலகி.

அதனால் 'அணைவு உருவாகிறது' என்று நாம் எழுதும் ஒவ்வொரு வினையும் உண்மையில் ஓர் இடமாற்றம். தண்ணீர் எழுந்து போகிறது, வேறொருவர் உட்காருகிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

சூடாக்கினால் அணைவு உடையுமா, உறுதிப்படுமா?

'சூடு பட்டால் எல்லாம் உடையும்' என்றுதான் மாணவர்கள் எழுதுவார்கள். பாதி சரி.

முதலில் உடையும் பாதியைப் பார்க்கலாம். மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவைக் கொட்டினால் கண்ணைப் பறிக்கும் கருநீலம் வரும். நான்கு அம்மோனியா, நான்கு நீரை எழுப்பிவிட்டு உட்கார்ந்த அணைவு அது. உட்காரும்போது வெப்பத்தை வெளியே விடும். ஒரு மோல் அம்மோனியாவுக்குச் சுமார் 23 கிலோஜூல். வெப்பம் உமிழும் வினையைச் சூடாக்கினால் அது பின்வாங்கும் என்பது லீ சாட்லியர் சொன்னது. 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு அம்மோனியாவுக்கான நிலைப்புத்தன்மை மாறிலி (பிடி எவ்வளவு பலம் என்று சொல்லும் எண்) கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகக் குறையும். நான்கையும் பெருக்கினால் மொத்தம் 200 மடங்கு வீழ்ச்சி. போதாததற்கு அம்மோனியாவும் ஆவியாகி மூக்கைத் துளைக்கும். கொதிக்கக் கொதிக்க நீலம் வெளிறி, கலங்கி, கடைசியில் கறுப்பு ஆக்சைடு அடியில் படியும்.

இப்போது மறு பாதி. கோபால்ட் குளோரைடு கரைசல் அறை வெப்பத்தில் ரோஜா நிறம்; கோபால்ட்டைச் சுற்றி ஆறு நீர். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்து, நிறம் இரண்டுங்கெட்டான் ஊதாவாக இருக்கும்போது சுடுநீரில் வையுங்கள். மையைக் கரைத்ததுபோல நீலம் பரவும். ஆறு நீரும் போய், நான்கு குளோரைடு வந்து உட்கார்ந்துவிட்டன. ஐஸ் தண்ணீரில் வைத்தால் மறுபடி ரோஜா. இங்கே சூடு அணைவைக் கட்டுகிறது. ஏனென்றால் இந்த இடமாற்றம் வெப்பத்தைக் கேட்டு வாங்கும் வினை.

சூடு யார் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது என்தால்பியின், அதாவது வினை உமிழும் அல்லது கொள்ளும் வெப்பத்தின், குறி. உமிழ்ந்தால் உடையும், கொண்டால் வளரும்.

வெப்பத்தை உள்ளே இழுக்கும் வினை தானாக ஏன் நடக்க வேண்டும்?

என்ட்ரோபி. இந்தச் சொல்லைக் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேர் சன்னலைப் பார்ப்பார்கள். அதனால் நான் திண்ணையைக் காட்டுவேன்.

செட்டிநாட்டு வீட்டு முகப்புத் திண்ணையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்திருக்கவும் முடியாது, அசையவும் இடமில்லை. ஆறு பேர் இடத்தையும் அடைத்துக்கொள்கிற ஒரே ஒரு பருத்த மனிதர் வந்து உட்காருகிறார். ஆறு பேர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் திரியலாம். உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது ஆறு. ஒழுங்கின்மை கூடிவிட்டது, இயற்கைக்கு அது பிடிக்கும். சூடு ஏற ஏற இந்த ஆதாயத்துக்கு எடை கூடும். ஒரு வினை தானாக நடக்குமா என்று சொல்லும் கிப்ஸ் சமன்பாட்டில் என்ட்ரோபியை வெப்பநிலையால் பெருக்குகிறோம் அல்லவா, அதுதான்.

அந்தப் பருத்த மனிதர் இ.டி.டி.ஏ. ஒரே மூலக்கூறில் ஆறு கை. இப்படிப் பல கையால் பிடிப்பதைக் கொடுக்கிணைப்பு என்பார்கள், நண்டுக் கொடுக்கை நினைத்து வைத்த பெயர். இதன் பலம் எவ்வளவு? நிக்கலை ஆறு அம்மோனியா பிடித்தால் மொத்த மாறிலியின் மடக்கை 8.6. அதே நிக்கலை இரண்டு கை உள்ள எத்திலீன்டைஅமீன் மூன்று பிடித்தால் 18.3. பிடிக்கும் அணு இரண்டிலும் நைட்ரஜன்தான், எண்ணிக்கையும் ஆறுதான். கைகள் ஒரே உடம்பில் இருப்பதால் மட்டும் கிட்டத்தட்ட பத்து மடக்கை, அதாவது ஆயிரம் கோடி மடங்கு அளவில் வித்தியாசம்.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறொன்று. கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீரின் கடினத்தன்மைக்குக் காரணமான இரட்டையர்கள். இ.டி.டி.ஏ.வோடு சேரும்போது கால்சியம் வெப்பத்தை உமிழும், மோலுக்குச் சுமார் 27 கிலோஜூல். மெக்னீசியம் வெப்பத்தைக் கொள்ளும், சுமார் 15 கிலோஜூல். மெக்னீசியம் சிறிய அயனி, தன் நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்திருக்கும். அவற்றைப் பிய்க்கவே செலவு அதிகம். எனவே அதே பாத்திரத்தைச் சூடாக்கினால் கால்சியம் அணைவு கொஞ்சம் தளரும், மெக்னீசியம் அணைவு கொஞ்சம் இறுகும். ஒரே ஈனி, ஒரே தொகுதித் தனிமங்கள், எதிரெதிர் நடத்தை. பொதுவிதி கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துப் போடுவேன்.

சூட்டில் தண்ணீரே மாறிவிடுகிறதா?

ஆமாம், பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிப்போகும் பக்கம் இது.

நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் ஒன்றையொன்று இழுக்கும் விசையைத் தண்ணீர் நடுவில் புகுந்து குறைக்கிறது. எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதுதான் மின்காப்பு மாறிலி. 25 டிகிரியில் 78. கொதிநிலையில் 55 அல்லது 56. அழுத்தம் கொடுத்து 300 டிகிரி வரை திரவமாகவே வைத்திருந்தால் 20. இன்னும் ஏற்றி 374 டிகிரி, 221 பார் என்ற மாறுநிலைப் புள்ளிக்குப் போனால் ஐந்து, ஆறு. அந்த நிலையில் தண்ணீர் உப்பைக் கரைக்கவே யோசிக்கும்.

கையைப் பிடித்து விலக்கிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நேரும் எதிரும் போய் ஒட்டிக்கொள்ளும். அறை வெப்பத்தில் துத்தநாகமும் குளோரைடும் ஒன்றையொன்று அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. 300 டிகிரியில் அதே இணையின் நிலைப்புத்தன்மை ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடிவிடும். மெக்னீசியம் சல்பேட் இணையும் அப்படித்தான், சூட்டில் நெருங்கும்.

இன்னொன்றும் நடக்கும். வெப்பம் ஏற ஏறக் கூட்டம் சுருங்கும். அறை வெப்பத்தில் ஆறு பேர் சூழ்ந்திருந்த உலோகம், சூட்டில் நான்கோடு நிறுத்திக்கொள்ளும். ரோஜா நிற கோபால்ட் நீலமானது இதே காரியம்தான்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா? கோபால்ட்டெல்லாம் எங்களுக்குக் கிடைக்காது.

கிடைக்க வேண்டாம், அது உடம்புக்கு ஆகாதது. மயில்துத்தமும் கல்லுப்பும் போதும். துத்தமும் நஞ்சுதான், ஆனால் கவனமாகக் கையாண்டால் சமாளிக்கலாம். கையுறை போடுங்கள், குழந்தைகள் தனியாகச் செய்யக் கூடாது, அடுக்களைப் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. துத்தமும் உப்பும் சேர்ந்த கரைசல் அலுமினியத்தைப் பொத்தலாக்கிவிடும்.

இரண்டு கண்ணாடிச் சோதனைக்குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி துத்தம் கரைத்து, இரண்டிலும் பாதி பாதி ஊற்றுங்கள். வானநீலமாக இருக்கும். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதில் கல்லுப்பை, கரையாமல் அடியில் தங்கும்வரை போட்டுக் குலுக்குங்கள். நீலத்தில் பச்சை ஏறும். இப்போது இரண்டையும் நன்றாகச் சுடும் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். உப்புப் போடாத குழாய் பெரிதாக மாறாது. உப்புக் குழாயில் பச்சை அழுத்தமாகி, கொஞ்சம் மஞ்சள் பாயும். வாழையிலையின் நிறம் என்று ஒரு பெண் சொன்னாள். நான் கிளிப்பச்சை என்பேன். குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள், பச்சை பின்வாங்கும். நிறைய தண்ணீர் ஊற்றினால் நீலமே திரும்பும், ஏனென்றால் தண்ணீர் பெரும்பான்மையாகி நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு குழாயையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தைவிடப் பகல் வெளிச்சம் நல்லது.

புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை ஏன் பளிச்சென்று ஆகிறது? வெந்நீரில் செய்தால் இன்னும் சீக்கிரம் ஆகிறதே?

கேட்டவர் சாமான் கடைக்காரர். பர்மாவிலிருந்து வந்த அடுக்கு, அண்டா, குத்துவிளக்கு என்று அவர் கடையில் கால் வைக்க இடம் இருக்காது.

பித்தளை தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. காற்றும் ஈரமும் பட்டு மேலே ஆக்சைடும் கார்பனேட்டும் படிந்திருக்கும். அந்தப் பச்சைதான் களிம்பு. புளியின் அமிலம் அதைக் கரைக்கிறது. எலுமிச்சையும் கரைக்கும், ஆனால் கரைத்தால் மட்டும் போதாது. கரைந்த தாமிரம் மறுபடி அங்கேயே படியாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். புளியின் டார்டரேட் அந்த வேலையைச் செய்கிறது, எலுமிச்சையில் சிட்ரேட் செய்கிறது. கூடச் சேர்க்கும் கல்லுப்பின் குளோரைடும் கை கொடுக்கிறது. கரைந்து ஓடும் புளித்தண்ணீர் லேசாகப் பச்சை காட்டுவது அந்த அணைவின் நிறம்.

வெந்நீர் இரண்டு வேலை செய்யும். கரையும் வேகத்தைக் கூட்டும், எண்ணெய்ப் பிசுக்கை இளக்கி அமிலத்துக்கு வழிவிடும். ஆனால் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். அழுக்கு போன பிறகும் அமிலம் நிற்காது. அடுத்து துத்தநாகத்தைப் பிடுங்கும், பித்தளை சிவந்து போகும். கேட்டுக்கொண்டார். ஒரு சொம்பு ஏற்கெனவே சிவந்திருந்தது, அதை 'தாமிரச் சொம்பு' என்று சொல்லி விற்றுவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

அப்படியானால் பித்தளையில் புளிக்குழம்பு வைக்கலாமா?

ஈயம் பூசாத பித்தளையில் கூடாது. மேலே சொன்ன அதே வினை குழம்புக்குள் நடக்கும். புளி, சூடு, உப்பு, நேரம் நான்கும் சேர்ந்தால் தாமிரம் அணைவாகக் குழம்பில் இறங்கும். 'களிம்பேறிப்போச்சு' என்று அப்பத்தா கொட்டிவிடச் சொன்னது வெறும் பழக்கத்தால் வந்ததில்லை. வாந்தி, வயிற்றுவலி வரை போகும்.

பூசும் ஈயம் வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. டார்டரேட்டோடு நன்றாகவே சேர்ந்து ரசத்தில் இறங்கும். ஈயச்சொம்பு வாங்கும்போது தெரிந்த இடத்தில் வாங்குங்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

சாயம் போடுகிறவர்கள் ஏன் தொட்டியைச் சூடாக்குகிறார்கள்? படிகாரம் எதற்கு?

இன்றைக்குக் கண்டாங்கிச் சேலை நூலுக்குப் பெரும்பாலும் செயற்கைச் சாயம். ஆனால் பழைய சிவப்பு இந்தக் கடற்கரையின் சாயவேரிலிருந்து வந்தது. அந்த வேரில் அலிசரின் இருக்கிறது. அலிசரினைத் தனியாகப் பருத்தியில் தோய்த்தால் மங்கலாக ஒட்டி, முதல் சலவையிலேயே கையசைத்துவிட்டுப் போய்விடும். நூலை முதலில் படிகாரத்தில் ஊறவைத்தால் அலுமினிய அயனி இழையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடான சாயத் தொட்டியில் இறக்கும்போது, அதே அலுமினியம் மறு கையால் அலிசரினைப் பிடிக்கும். இழைக்கும் சாயத்துக்கும் நடுவில் உலோகம். கரைசலில் கால்சியமும் இருந்தால் சிவப்பு இன்னும் நன்றாக வரும். அதனால்தான் சாயக்காரர்கள் தண்ணீரை ருசி பார்த்துக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

படிகாரத்துக்குப் பதில் இரும்பு வைத்தால் அதே வேர் ஊதா, பழுப்பு என்று போகும். கடுக்காய்ச் சாற்றில் இரும்புத்தண்ணீர் விட்டால் கறுப்பு. ஈனி மாறவில்லை, உலோகம் மாறியது, நிறம் மாறிவிட்டது.

சூடு ஏன்? சாயம் இழைக்குள் நுழைய வேண்டும், அது ஒன்று. அலுமினியம் தன் நீர் மூலக்கூறுகளை மெதுவாகத்தான் விடும், அது இன்னொன்று. தாமிரத்தைச் சுற்றியுள்ள ஒரு நீர் மூலக்கூறு நொடிக்கு நூறு கோடி தடவைக்கு மேல் இடம் மாறும். அலுமினியத்தில் நொடிக்கு ஒரு தடவை அளவுதான். சூடு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது.

அணைவு உறுதியானது என்றால் வேகமாகவும் உருவாகுமா?

இல்லை. உறுதி வேறு, வேகம் வேறு. இதை நான் கற்றது அவமானப்பட்டு.

ஆய்வகத்தில் சேர்ந்த புதிது. குரோமியத்தின் அளவை இ.டி.டி.ஏ. வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மாறிலியைப் புத்தகத்தில் பார்த்தேன், மடக்கை 23 பக்கம், இரும்புக்கு அடுத்தபடியான பலம். சுலபம் என்று பியூரெட்டை நிரப்பி ஆரம்பித்தேன். பச்சைக் கரைசல் பச்சையாகவே இருந்தது. பதினைந்து மில்லிலிட்டர் போயிற்று, இருபது போயிற்று. கரைசல் கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிட்டு மறுபடி தயாரித்தேன். மூன்றாவது தடவை கொட்டப்போனபோது மூத்தவர் ஒருவர் குடுவையை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் பர்னரில் வைத்தார். கொதி வந்து சில நிமிடத்தில் ஓரத்திலிருந்து ஊதா எட்டிப் பார்த்தது. பிறகு முழுக் குடுவையும் கத்தரிப்பூ நிறம். 'அவசரப்படுத்தாதய்யா, அது மூணு நாள் யோசிக்கிற ஆளு' என்றார்.

அது உண்மைதான். அறை வெப்பத்தில் குரோமியத்தைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளில் பாதி இடம் மாற மூன்று நாளுக்கு மேல் ஆகும். கொதிநிலையில் கணக்குப் போட்டால் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மாறிலி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கதவு திறந்தால்தானே உள்ளே போக முடியும். அதனால்தான் குரோமியத்துக்கும் அலுமினியத்துக்கும் நேராகத் தரம் பார்ப்பதில்லை (பியூரெட்டிலிருந்து விட்டு அளவு கண்டுபிடிப்பதுதான் தரம் பார்ப்பது). இ.டி.டி.ஏ.வை மிகையாகச் சேர்த்து, கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மிச்சத்தைத் துத்தநாகக் கரைசலால் பின்தரம் பார்ப்பார்கள்.

ஃபெரிக் குளோரைடைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டால் ஏன் செம்பழுப்பாகிறது? அதுவும் அணைவா?

அணைவின் சிதைவு என்று சொல்லலாம். மூன்று நேர்மின்சுமை உள்ள இரும்பு, தன்னைச் சுற்றியுள்ள நீரை அத்தனை இழுக்கிறது. அந்த நீர் ஒரு புரோட்டானை விட்டுவிடுகிறது. நீர் ஹைட்ராக்சைடாகிறது, கரைசல் அமிலமாகிறது. இதுவும் வெப்பம் கொள்ளும் வினை. கொதிநீரில் வேகமாக நடந்து, இரும்புகள் ஹைட்ராக்சைடு வழியாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வடிதாளில் தங்காத அளவுக்கு நுண்ணிய கூழ்மமாகும். பள்ளியில் கூழ்மப் பாடத்துக்குச் செய்து காட்டுவது இதைத்தான். சொட்டுச் சொட்டாக விடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் சேறாகிவிடும்.

சூடான கரைசலில் பி.எச். மீட்டர் காட்டுவதை நம்பலாமா? 'வெப்பநிலை ஈடு' பொத்தான் இருக்கிறதே.

அந்தப் பொத்தான் மின்வாயின் சரிவைத்தான் திருத்தும்: 25 டிகிரியில் ஒரு அலகுக்கு 59.2 மில்லிவோல்ட், 60 டிகிரியில் 66.1. கரைசலுக்குள் நடக்கும் வேதியியலை அது திருத்தாது. சுத்தமான நீரின் நடுநிலை 25 டிகிரியில் 7, கொதிநிலையில் 6.1. மீட்டர் 6.1 காட்டினால் நீர் அமிலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பி.எச். எளிதில் மாறாமல் தாங்கும் அம்மோனியா தாங்கல் கரைசலின் பி.எச்.கூடச் சூடானால் தானே கீழிறங்கும். எந்த வெப்பத்தில் அளக்கிறோமோ அதே வெப்பத்தில் தரக் கரைசலையும் வைத்து மீட்டரைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கீரையை மூடி வேகவைத்தால் பச்சை ஏன் செத்துப்போகிறது?

பச்சையம் ஒரு மெக்னீசிய அணைவு. கீரையிலிருந்து இறங்கும் அமிலமும் சூடும் சேர்ந்து மெக்னீசியத்தை வெளியேற்றி இரண்டு புரோட்டானை உட்காரவைக்கும், நிறம் மங்கிய பழுப்பாகும். மூடியைத் திறந்து வைத்தால் ஆவியாகும் அமிலம் கொஞ்சம் வெளியே போகும். காலியிடத்தில் தாமிரம் உட்கார்ந்தால் அசையாத பச்சை வரும். சந்தையில் சந்தேகத்துக்குரிய பளிச்சுப் பச்சை ஊறுகாயைக் கண்டால் எனக்கு இந்த அணைவுதான் ஞாபகம் வரும்.

நம் ஊர் செக்ரிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர் வாயில் செக்ரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அங்கே நடக்கும் ஆய்வுகளில் உலோக முலாமும் ஒன்று. முலாம் தொட்டி என்பதே அணைவு வேதியியல்தான்.

மின்சாரமே இல்லாமல் நிக்கல் பூசும் முறை ஒன்று உண்டு. 1946இல் பிரென்னர், ரிடெல் என்ற இருவர் வெளிக்கொண்டுவந்தது. தொட்டி 85 முதல் 95 டிகிரி வரை சூடாக இருக்கும். உள்ளே நிக்கல் உப்பு, அதை உலோகமாக ஒடுக்கும் ஹைப்போபாஸ்பைட், கூடவே சிட்ரேட்டோ லாக்டேட்டோ. இந்த ஈனியை எவ்வளவு போடுவது என்பதில்தான் சூட்சுமம். குறைந்தால் நிக்கல் கட்டுப்பாடில்லாமல் கீழே படிந்து தொட்டி முழுக்கக் கறுத்துக் குலைந்துவிடும். கூடினால் நிக்கலை விடவே விடாது, முலாம் நகராது. அந்தச் சூட்டில், விட வேண்டிய இடத்தில் மட்டும் விடுகிற அளவுக்குப் பிடி இருக்க வேண்டும். சமையலில் உப்பு பார்ப்பதுபோல இதிலும் கைப்பழக்கம் உண்டு என்று முலாம் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள்.

நூறு டிகிரிக்கு மேல் என்ன நடக்கிறது, யாருக்கு அது தேவை?

பூமிக்குத் தேவை. 1979இல் மெக்சிகோவுக்கு அப்பால் பசிபிக் கடலடியில் கறுப்புப் புகைபோலத் தண்ணீர் பீறிடும் குழாய்களைக் கண்டார்கள். 350 டிகிரிக்கு மேல் சூடு. இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தத்தால் கொதிக்காமல் இருக்கிறது. அந்த நீர் பாறையிலிருந்து இரும்பு, தாமிரம், துத்தநாகத்தைக் குளோரைடு அணைவுகளாகச் சுமந்து வரும். இரண்டு டிகிரிக் கடல்நீரில் கலந்ததும் அணைவு உடைந்து சல்பைடாகக் கொட்டும். புகை என்று பார்ப்பது அந்தத் தூள்.

தங்கமும் இப்படித்தான் பயணம் செய்யும். தங்கம் எதிலும் கரையாது என்போம். ஆனால் சூடான, கந்தகம் கலந்த நீரில் பைசல்பைடு அயனி இரண்டு அதை இரு பக்கமும் பிடித்துக் கரைத்துக்கொள்ளும். நீர் பாறை வெடிப்பில் ஏறி, அழுத்தம் குறைந்து, கந்தகம் பிரிந்துபோனால் தங்கம் குவார்ட்ஸோடு படியும். 2001இல் மூடப்பட்ட கோலார் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்த் தோண்டியது அப்படிப் படிந்த ரேகைகளைத்தான். ஆச்சிகள் கழுத்தில் கிடக்கும் கழுத்திரு (செட்டிநாட்டுத் தாலி) எந்தச் சுரங்கத்துத் தங்கமோ, தெரியாது. ரேகைத் தங்கமாக இருந்தால் அதுவும் ஒரு காலத்தில் வெந்நீரில் கரைந்து திரிந்ததுதான்.

இவற்றை ஆய்வகத்தில் அளப்பது பெரும்பாடு. டெஃப்லான் உறை போட்ட எஃகுக் கலம் சுமார் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதற்கு மேல் தங்கம், டைட்டானியம் போன்றவற்றால் உள்பூச்சு, பார்க்க நீலக்கல் அல்லது வைரச் சன்னல். அதன் வழியாக ஒளியையோ எக்ஸ் கதிரையோ செலுத்தி, எத்தனை ஈனி எவ்வளவு தூரத்தில் என்று எண்ணுவார்கள். ஈனியும் தாக்குப்பிடிக்க வேண்டும். கொதிகலனில் போடும் இ.டி.டி.ஏ.வே மிகுந்த சூட்டில் சிதைந்துவிடும். அனல்மின் நிலையக்காரர்களுக்கு அது தனித் தலைவலி.

செய்து பார்த்த பிறகு மிஞ்சிய துத்தக் கரைசலை எங்கே ஊற்றுவது?

ஊருணியில் வேண்டாம், சாக்கடையிலும் வேண்டாம். மீனுக்கும் பாசிக்கும் தாமிரம் கொஞ்சம் இருந்தாலே ஆகாது. கரைசலை ஒரு பழைய கண்ணாடிப் புட்டியில் சேர்த்து, துருவில்லாத இரும்பு ஆணிகள் நாலைந்து போட்டு வையுங்கள். சில நிமிடத்தில் ஆணி சிவக்க ஆரம்பிக்கும். கரைசல் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டு நாள் விட்டால் நீலம் வெளுத்துவிடும், தாமிரம் செம்பொடியாக அடியில் கிடக்கும். மேலே மிஞ்சிய நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் மீதத் தாமிரமும் படிந்துவிடும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, பொடியை உலர்த்தித் தாளில் மடித்து வையுங்கள். எங்கள் ஆய்வகத்து அலமாரியில் அப்படி மடித்த பொட்டலம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.